பூண்டுக்குப் பேய் பயப்படுமா?

கேள்வி: ஆங்கிலப் படங்களில் பூண்டைக் காட்டினால் பேய் ஓடுகிறதே, கிறிஸ்தவ வேதத்தில் அப்படி உண்டா?
– பூண்டு வியாபாரி, வடுகபட்டி

பதில்: இருந்தால் மூட்டை மூட்டையாக மலைப்பூண்டு வந்து இறங்கும் உங்கள் ஊர்ப் பக்கம் பேய் தலைவைத்துப் படுக்குமா? படத்துப் பூண்டு, 1897-ல் வந்த 'டிராகுலா' நாவலின் உபயம். வேதத்தில் பூண்டு வருவது ஒரே இடத்தில், எண்ணாகமம் 11-ல். எகிப்தில் தின்ற பூண்டை நினைத்து இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அழுகிறார்கள்!

பேயை விரட்டியது மீன். கத்தோலிக்க வேதாகமத்தில் தோபித்து நூலைப் பாருங்கள். சாராவின் ஏழு மாப்பிள்ளைகளை முதலிரவிலேயே கொன்றது ஒரு பேய். எட்டாவதாக வந்த தோபியா, மீனின் ஈரலையும் இதயத்தையும் தணலில் போட, நாற்றம் தாங்காமல் அது எகிப்துக்கே ஓடிவிட்டது. யோசனை சொன்னவர் வழித்துணை ஆளாக வேஷம் போட்டு வந்த இரபேல் தூதர். (கருவாடு வறுக்கும் வீட்டார் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.) புரட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இந்த நூலே கிடையாது.

தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குப் பேய் பிடித்ததாகச் சொல்லி ஆட்களை இன்றும் அழைத்துவருகிறார்கள். திருச்சபைச் சட்டமோ, ஆயர் அனுமதியில்லாமல் பாதிரியார் பேயோட்டக் கூடாது என்கிறது. முதலில் நோயா என்று பார்க்க வேண்டும். நீங்கள் பூண்டை ரசத்துக்கே விற்றுக்கொண்டிருங்கள்.