ஞாயிற்றுக்கிழமை சூப்காரர்

வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் குடிப்பதற்கு மட்டும் அடுப்பங்கரைக்குள் நுழைந்து, ஏழாம் நாள் அயல்நாட்டுக் குழம்பு ஒன்றை அடுப்பில் ஏற்றும் குடும்பத் தலைவர்தான் ஞாயிற்றுக்கிழமை சூப்காரர். ரசத்தை எந்த நேரத்தில் இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. ஹங்கேரி குலாஷில் பாப்ரிக்கா தூளை எந்தச் சூட்டில் போட்டால் கருகாது என்று கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு. மணவூரில் காணப்படும் வகைக்குச் சில தனிக் குணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம் ரயில். சென்னை - அரக்கோணம் மின்ரயில் மணவூரில் நிற்கிறது. ஆகவே பட்டணத்தில் வேலை பார்க்கும் சூப்காரரின் பையில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் லீக்ஸ் கட்டு நீட்டிக்கொண்டிருக்கும். "வெங்காயத்தாளா சார்?" என்று எதிர் சீட்டுக்காரர் கேட்டுவிட்டால் தீர்ந்தது. திருவள்ளூரில் தொடங்கும் விளக்கம் கடம்பத்தூர் தாண்டியும் ஓடும்.

ரயிலில் வராத சரக்குக்கு ஊரிலேயே மாற்று கண்டுபிடிப்பார். புளித்த கிரீமுக்குக் கட்டித் தயிர், தைம் இலைக்குத் தொட்டிக் கற்பூரவல்லி. தாய்லாந்தின் டாம் யம் சூப்புக்கு கலங்கல் கிழங்கு வேண்டும். அது நம் பேரரத்தைதான் என்று தெரிந்த நாளன்று நாட்டு மருந்துக் கடையில் போய் நின்றார். கடைக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "இருமல் யாருக்கு?" செடி ஒன்றுதான் என்பதில் சூப்காரர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் தாய்லாந்தில் போடுவது பச்சைக் கிழங்கு; இவர் போட்டது காய்ந்த துண்டு. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தம்ளர் குடித்தார்கள். யாருக்கும் இருமல் இல்லாததால் பலன் தெரியவில்லை.

பருவம் என்பது இவர் அகராதியில் இல்லை. கத்திரி வெயிலில் திருத்தணிப் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போதுதான் பனி நாட்டு போர்ஷ்ட் கொதிக்கும். உக்ரைனியர் அதைச் சமைக்கும் மரபை 2022இல் யுனெஸ்கோ அவசரமாகப் பாதுகாக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்ததைக் கரண்டியும் கையுமாக அறிவிப்பார். "பீட்ரூட் ரசம்னு சொல்லேண்டா" என்பார் அம்மா. ஸ்பெயினின் காஸ்பாச்சோ குளிரக் குளிரக் குடிக்கும் தக்காளிச் சாறு. சித்திரைக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது. அதை மார்கழியில் செய்வார்.

வெங்காயத்தைப் பிரெஞ்சுக்காரர் போலச் சிவக்க வதக்க ஒரு மணி நேரம் ஆகும். எலும்பு வேக நாலு மணி நேரம். "குக்கர்ல வெச்சா ஆகாதா?" என்று மனைவி கேட்டால், எலும்பிலுள்ள கொலாஜன் மெல்லக் கரைந்து ஜெலட்டின் ஆவதைப் பற்றிப் பாடம் நடக்கும். குக்கரிலும் அது கரையும், சீக்கிரமாகவே கரையும். கேஸ் சிலிண்டர் பதிந்து வாங்குவது மனைவி என்பதால் இந்த விஞ்ஞானம் இவரை எட்டவில்லை. பாத்திரம் துலக்குவதும் இவர் கலையில் சேராது.

சூப்காரர் குளிக்கப் போகும் ஐந்து நிமிடத்தில் குண்டானுக்குள் சில காரியங்கள் நடக்கும். கடுகு வெடிக்கும், பெருங்காயம் விழும், கறிவேப்பிலை மிதக்கும். இத்தாலியின் மினஸ்ட்ரோனி இப்படித்தான் பந்திக்கு வரும். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு பேசும் அண்டை வீட்டம்மாவும் ருசி பார்ப்பார், பயறு போட்ட எந்த நாட்டு சூப்புக்கும் அவர் தீர்ப்பு ஒன்றுதான்: "பப்புச்சாரு."

மிச்சமில்லாமல் காலியாகும் சூப் வருடத்துக்கு ஒன்று உண்டு. டிசம்பர் 31 இரவு திருத்தணிப் படித் திருவிழாவுக்கு வீடே போகும். 365 படிகளும் ஏறி, புத்தாண்டுத் தரிசனம் முடித்து, விடியலில் பசியோடு திரும்புகிறவர்களுக்கு ஹைட்டி நாட்டுப் பரங்கிக்காய் சூப் காத்திருக்கும். பிரெஞ்சு முதலாளிகளுக்காக அடிமைகள் சமைத்த பண்டம் அது. 1804 ஜனவரி 1இல் விடுதலை அடைந்த நாட்டில், அன்றைய தினத்துக்கு அதுவே விருந்தானது. அங்கே மாட்டிறைச்சி போடுவார்கள். மலையேறி வந்த வீட்டில் பரங்கியும் மிளகும் மட்டும். இந்தக் கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் குண்டான் கவிழ்ந்துவிடும்.

கேலி அதிகமானால் சூப்காரர் துணைக்கு அழைப்பது வெள்ளைக்காரரை. கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதிய சமையல் புத்தகம் 1878இல் சென்னையில் வெளிவந்தது. அதில் மிளகுத்தண்ணிக்குத் தனி இடம் உண்டு. நம் வீட்டு ரசத்தில் இறைச்சிச் சாறும் வெங்காயமும் மசாலாவும் சேர்த்து அவர்கள் சூப்பாக்கினார்கள். சென்னை மாகாணத்து ஆங்கில அதிகாரிகளுக்கு 'மல்' என்ற பட்டப்பெயரே அந்த சூப்பால் வந்தது. அவர்கள் நம் ரசத்தைக் கெடுக்கலாம், நான் அவர்கள் சூப்பைக் கெடுக்கக் கூடாதா என்பது இவர் வாதம். பதில் சொல்வது கடினம்.

மணவூரில் இப்படி ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்தால், மிளகுத்தண்ணி வைக்கும் ஞாயிறாகப் பார்த்துப் போங்கள். காஸ்பாச்சோ என்றால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.