ஜெயிச்சிருமுங்களா?

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு நான் வக்கீல் என்று தெரிந்துவிட்டால் போதும், ரசம் வருவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "கொலை பண்ணினவன்னு தெரிஞ்சும் எப்படிங்க அவனுக்காகப் பேசுறீங்க?"

இதற்கு பார் கவுன்சில் விதிகளிலேயே பதில் உண்டு. அவன் குற்றவாளி என்று வக்கீலுக்கு உள்ளுக்குள் என்ன தோன்றினாலும், அவனுக்காக வாதாடத்தான் வேண்டும். தீர்ப்பெழுதுவது நீதிபதியின் வேலை. என் சிக்கல் வேறு. கொலைகாரர்கள் யாரும் என்னிடம் வருவதில்லை. நான் ஈரோடு மாவட்டத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் சிவில் பார்க்கிறவன். எனக்கு வருவதெல்லாம் வண்டித்தடம், பொதுக்கிணறு, வரப்பு, வரப்பில் நிற்கும் வேப்பமரம், அந்த மரத்தின் கிளை விழுந்து உடைந்த ஓடு. தொழில் தர்மத்தைச் சோதிப்பதில் வேப்பமரத்தை எந்தக் கொலைகாரனும் மிஞ்ச முடியாது.

சோதனை முதல் நாளே ஆரம்பமாகும். கட்சிக்காரர் கட்டைப் பிரித்து, மூலப்பத்திரத்தை மேஜையில் வைத்து, தண்ணீர் குடித்துவிட்டுக் கேட்பார்: "ஜெயிச்சிருமுங்களா?" நேர்மையான பதில் "சொல்ல முடியாது" என்பதுதான். சொன்னால், எதிர்ச்சாரியில் "நூத்துக்கு நூறு" என்று சொல்கிற வக்கீலிடம் போய்விடுவார். "ஜெயிச்சிரும்" என்றால் அது பொய். எனவே, "நம்ம பக்கம் நியாயம் இருக்குங்க" என்பேன். பாகப்பிரிவினை வழக்குகளில் இது பொய்யே ஆகாது. எதிர்க்கட்சிக்காரரிடம் அவருடைய வக்கீலும் இதையேதான் சொல்லியிருப்பார், அதுவும் உண்மையாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஃபீஸ். "ஜெயிச்சா வர்றதுல பாதி எடுத்துக்குங்க" என்பார்கள், ஏதோ எனக்குச் சலுகை காட்டுகிற மாதிரி. முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதும், வருகிற சொத்தில் பங்கு கேட்பதும் இங்கே விதிப்படி கூடாது. ஒருவரிடம் இதை விளக்கினேன். அவருடைய மகன் அமெரிக்காவில் இருக்கிறான். "அங்கெல்லாம் மூணுல ஒரு பங்கு வாங்கிக்கறாங்களாமே?" என்றார். அங்கே உண்டு, இங்கே கிடையாது என்றேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப ஜெயிக்கமாட்டோம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றார்.

ஃபீஸ் பாக்கிக்காகக் கேஸ் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் குமாஸ்தா இந்தத் தீர்ப்பை இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. பாக்கிக்கு ஈடாக வாழைத்தாரும் தேங்காயும் வந்து இறங்கும்போதெல்லாம், தீர்ப்பெழுதிய நீதிபதிகளுக்கும் ஒரு தார் அனுப்பலாமா என்று கேட்பார்.

விளம்பரமும் கூடாது. பெயர்ப்பலகை அளவாக இருக்க வேண்டும், இன்ன வழக்கில் கைதேர்ந்தவர் என்று அதில் எழுதக் கூடாது. இதெல்லாம் என் மச்சினனுக்குத் தெரியாது. ஒரு பொங்கலுக்கு என் படத்தைப் போட்டு, கறுப்புக் கோட்டோடு, 'ஜாமீன் நாயகன்' என்று பஸ் ஸ்டாண்டு எதிரே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டான். ஜாமீன் மனு போட்டு எனக்குப் பழக்கமே இல்லை என்பது வேறு விஷயம். இரவோடு இரவாக அவிழ்க்கச் சொன்னேன். "காசு போட்டு அடிச்சது மாமா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தான். இப்போது அது அவனுடைய மாட்டுக் கொட்டகைக்குக் கூரை. என் படம் உள்பக்கமாக இருப்பதால் எருமைகளுக்கு மட்டும் தெரியும்.

சின்ன ஊரில் வக்கீலாக இருப்பதில் இன்னொரு தொல்லை, எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஒரு அண்ணன்காரர் "சும்மா ஒரு யோசனை கேக்க வந்தேன்" என்று வந்து, முழுக் கதையையும் கொட்டிவிட்டுப் போனார். வக்காலத்தும் இல்லை, ஃபீஸும் இல்லை. சில நாளில் தம்பிக்காரர் வந்தார். அண்ணனின் ரகசியம் என் காதில் இருக்கும்போது தம்பிக்கு எப்படி ஆஜராவது? முடியாது என்றேன். அவர் அழாத குறையாகச் சொன்னார்: "நீங்க மட்டும் இல்லீங்க, இந்த ஊர்ல எந்த வக்கீலும் எடுக்க மாட்டேங்கறாங்க." அண்ணன் எல்லா ஆபீசிலும் ஏறி இறங்கிச் சும்மா யோசனை கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்! நான் பார்த்ததில் தொழில் தர்மத்தை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே கட்சிக்காரர் அவர்தான்.

2024 ஜூலை 1 முதல் புதுக் குற்றவியல் சட்டங்கள் வந்து, கிரிமினல் நண்பர்களின் பாடு என் பாட்டைவிட மோசமாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவில் மொத்தமே 358 பிரிவுகள்தான், 420 கிடையாது. மோசடி 318-க்குப் போய்விட்டது. யாரையாவது "அவன் ஒரு 318" என்று திட்டிப் பாருங்கள், திட்டிய திருப்தியே வராது. கொலை 103-க்கு வந்துவிட்டது, இப்போது 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தப் பேசுவது. நடைமுறைச் சட்டத்தில் 144 தடையுத்தரவாக இருந்தது, இப்போது ஜீவனாம்சம். "ஊர்ல 144 போட்டுட்டாங்க" என்றால் ஊரில் உள்ள பெண்டாட்டிகள் அத்தனை பேரும் ஜீவனாம்சம் கேட்டுவிட்டதாகத்தான் அர்த்தம். 482-ல் வழக்கை ரத்து செய்யச் சொல்லி ஹைகோர்ட்டுக்குப் போவார்கள். இப்போது 482 முன்ஜாமீன். மனப்பாடத்திலேயே பிழைப்பு நடத்திய சீனியர்கள் எல்லாம் இன்று ஜூனியரின் செல்போனை எட்டிப் பார்க்கிறார்கள்.

கோடையில் கீழ்க்கோர்ட்டுகளில் கோட்டுப் போடுவது கட்டாயமில்லை. இருந்தும் போடுகிறோம், கோட்டில்லாமல் நின்றால் கட்சிக்காரர் நம்மைத் தாண்டிப் போய் வக்கீலைத் தேடுகிறார்.

வாய்தாவுக்கும் சட்டத்தில் கணக்கு உண்டு, ஒரு தரப்புக்கு மூன்றுதான். சேலம் வக்கீல்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம், தவிர்க்க முடியாத நிலை என்றால் அதற்கு மேலும் தரலாம் என்றது. எங்கள் பக்கம் மஞ்சள் அறுவடை தவிர்க்க முடியாத நிலை. எதிராளி வீட்டு மஞ்சள் அறுவடை மட்டும் இழுத்தடிக்கும் சதி.

ஆனால் எனக்கு உண்மையிலேயே வியர்ப்பது சாட்சியைத் தயார் செய்யும்போதுதான். சாட்சிக்குக் கோர்ட் எப்படி இருக்கும் என்று விளக்கலாம், என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. ஒரு வண்டித்தட வழக்கு. நெடுநாள் பாத்தியதையால் வழியுரிமை கேட்டால், 20 வருஷம் இடையூறில்லாமல் அனுபவித்ததாகக் காட்ட வேண்டும். சாட்சி ஒரு பெரியவர். "இந்தத் தடத்துல எத்தனை வருஷமாப் போறீங்க?" என்று கேட்டேன்.

"எத்தனைன்னு சொல்லோணுங்க?"

"நீங்கதான் சொல்லணும்."

"ஒரு பத்து?"

நான் அசையவில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"பதினஞ்சு?"

புருவம் தூக்கினால்கூடச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "மொத மொதல்ல எப்பப் போனீங்க?" என்றேன். "என்ற கல்யாணத்துக்குங்க. பொண்ணக் கூட்டிக்கிட்டு அந்தத் தடத்துலதான் மாட்டுவண்டி வந்துச்சு." கல்யாணம் எப்போது? "இந்திராகாந்தியச் சுட்டாங்க பாருங்க, அந்த வருஷம்."

1984! நாற்பது வருஷத்து உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு மனுஷன் என்னிடம் பத்துக்குப் பேரம் பேசியிருக்கிறார்.

இப்போதெல்லாம் முதல் விசாரணை அபிடவிட்டாகவே போய்விடும். 'யாதொரு இடையூறுமின்றி', 'மேற்படி தாவா தடத்தில்' என்று நான் எழுதியதில் பெரியவர் கையெழுத்துப் போட்டிருந்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"படிச்சுக் காட்டுனாருங்க. பாதி புரியல. ஆனா அத்தனையும் நெசமுங்க."

"உங்க வக்கீல் சொல்லிக்கொடுத்ததைத்தானே சொல்றீங்க?"

"அவரெங்கீங்க சொல்லிக் குடுத்தாரு? நானும் கேட்டுக் கேட்டுப் பாத்தேன், வாயே தொறக்கல. காலண்டரப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு."

நீதிபதி அதையும் பதிவு செய்துகொண்டார்.

வழக்கு ஜெயித்தது. டிக்ரி நகலை வாங்கிய கையோடு, "தடத்த மறிச்சுப் போட்ட கம்பி வேலி இன்னும் அப்படியேதான் இருக்குங்க" என்றார் கட்சிக்காரர். அதற்கு ஈ.பி., அதாவது டிக்ரியை நிறைவேற்றக் கோரும் மனு, போட வேண்டும் என்றேன். ஜெயித்த பிறகு இன்னொரு மனுவா என்று அதிர்ந்துபோனார். இந்த நாட்டில் வழக்காடுகிறவனுக்கு டிக்ரி வாங்கிய பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்கிறது என்று லண்டனில் பிரிவி கவுன்சில் 1872-லேயே சொல்லியிருக்கிறது, பீகாரில் தர்பங்கா ஜமீன் வழக்கில், என்று ஆறுதல் சொன்னேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அந்த ஜமீன்தார் பேரனுக இன்னும் ஈ.பி.யிலதான் இருக்காங்களா?"

குமாஸ்தா நிமிராமல், "பேட்டாவுக்குப் பணம் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.