ரவுட்டர் மாமா

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ கம்ப்யூட்டர் நுழைந்த காலத்தில் ‘சிஸ்டம் பார்த்தவர்’. அந்தத் தகுதியில் இன்றும் வீட்டு நெட்டுக்கு அவரே பொறுப்பு. ரவுட்டர்மேல் தூசி தட்டுவதென்றாலும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெட் நின்றால் மாமா முகத்தில் ஒரு களை வந்துவிடும். ரவுட்டரை அணைப்பார். வாய்விட்டு முப்பதுவரை எண்ணுவார். மறுபடி போடுவார். பல சமயம் இதிலேயே சரியாகிவிடுவதுதான் வம்பு. வித்தை பலித்ததாக நினைத்துக்கொள்கிறார்.

சரியாகாவிட்டால் கம்பெனிக்கு ஃபோன். “ரெட் லைட் எரியுதா சார்?” என்பார்கள். ஃபைபர் அறுந்திருந்தால் எல்.ஓ.எஸ். என்று போட்ட விளக்கு சிவப்பாக மினுக்கும். அது மினுக்கவில்லையென்றால் வீட்டுக்குள்ளேயும் தேடிப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். “வீட்டுக்குள்ள எல்லாம் நான் பார்த்தாச்சு!”

பார்க்காத ஒன்று உண்டு: அவருடைய சொந்தக் கம்ப்யூட்டர். ஒய்ஃபையை அவர் நம்புவதில்லை. லேன் கேபிள் போட்டு நேராக ரவுட்டரில் செருகியிருப்பார். முன்பொரு மழைநாளில் நெட் போனபோது, தன் ஃபோனை அதே கம்ப்யூட்டரில் யுஎஸ்பியில் மாட்டி, விண்டோஸில் ‘இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். மழை விட்டது. டிக் அப்படியே நின்றது. சார்ஜ் ஏறட்டும் என்று ஃபோனும் அங்கேயே கிடந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நெட் கம்பெனிகள் இரண்டு. ஒய்ஃபையில் சேரும் ஒவ்வொரு ஃபோனும் ‘எனக்கொரு முகவரி கொடுங்கள்’ என்று பொதுவாகக் கூவும். 1993-இல் வகுத்த டிஹெச்சிபி என்ற ஏற்பாடு அது. பதில் சொல்கிறவர் யார், என்ன என்று விசாரிக்கிற வழக்கமெல்லாம் அதில் இல்லை. யார் முந்துகிறாரோ அவரிடமே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். மகனுக்கு ரவுட்டர் கொடுத்தது. மாமிக்கு முந்திக்கொண்டு கொடுத்தது மாமாவின் கம்ப்யூட்டர். ஆக, மாமி பார்த்த சீரியல் முழுக்க மாமாவின் 1.5 ஜிபி தினக் கோட்டாவில் ஓடியது. மதியத்துக்குள் கோட்டா காலி; வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கி, கதாநாயகி கண்ணீர் பாதிக் கன்னத்திலேயே நின்றது.

“மகனுக்கு வருது, உனக்கு வரலைன்னா உன் ஃபோன்லதான் கோளாறு,” என்று மாமா தீர்ப்பு சொன்னார். சொல்லிவிட்டு ரவுட்டரை அணைத்துப் போட்டார். எல்லா ஃபோன்களும் மறுபடி முகவரி கேட்டுக் கூவின. இம்முறை மகனும் மாமா பக்கம் விழுந்தான்.

கடைசியில் வந்த லைன்மேன் தம்பி ரவுட்டரைத் தொடவே இல்லை. மாமியின் ஃபோனை வாங்கி ஒய்ஃபை விவரத்தைத் திறந்தார். “சார், நம்ம ரவுட்டர் 192.168.1-னுதான் கொடுக்கும். இதுல 192.168.137-னு இருக்கு. விண்டோஸ் கம்ப்யூட்டர் நெட்டை ஷேர் பண்ணினா வர்ற நம்பர் அது. அந்தக் கேபிளைக் கழட்டட்டுமா?”

மாமா விடவில்லை. தானே கழற்றினார்.

மாலையில் லிஃப்டில் மூன்றாவது மாடிக்காரர் மாட்டினார். “கம்பெனிக்காரனே திணறிட்டான் சார். 137-ங்கிற நம்பரை வச்சு நான்தான் பிடிச்சேன். உங்க வீட்லயும் நெட் இல்லையாமே?” பதிலுக்குக் காத்திராமல் அவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். அங்கே எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மினுக்கிக்கொண்டிருந்தது. மாமா மேசைக்கடியில் குனிந்து லேன் கேபிளைத் தேடிக்கொண்டிருந்தார்.