மூத்தம்மா ஏறாத கணக்கு

1984 இல் என் மூத்தம்மா மௌத்தானா. எனக்கு அப்போது ஒன்பது வயது. முதலில் சோறு இறங்குதில்லை என்றா. பிறகு கஞ்சி. கடைசியில் கரண்டியால் விட்ட பாலும் திரும்பி வந்தது. தலைமாட்டில் வெற்றிலை வட்டாவும் படிக்கமும் இருந்தன. விழுங்க முடியாத நாளிலும் பாக்கும் புகையிலையும் இடித்துத் தரச் சொல்லிக் கேட்டா. நான்தான் இடித்துக் கொடுத்தேன். உரலில் பாக்கு உடையும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அந்த நாளில் கிண்ணியாவிலிருந்து திருகோணமலைக்குப் போவதென்றால் துறையடியில் காத்து நின்று, பாதை என்ற மிதவைப் படகில் ஏறவேண்டும். கென்சர் என்றால் மஹரகம ஆஸ்பத்திரி, 250 கிலோமீற்றருக்கு மேல். மூத்தம்மாவை யாரும் கொண்டுபோகவில்லை. "தொண்டையில ஒரு வருத்தம்" என்று சொல்லியே அடக்கினோம்.

நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு 1985 இல் தொடங்கியது. அதுவும் நெடுங்காலம் சிகிச்சை நிலையங்களுக்கு வந்தவர்களைத்தான் பெரும்பாலும் எண்ணியது. பாதை ஏறாதவர்கள் அதில் இல்லை. அதனால் "அந்தக் காலத்தில் இந்த வருத்தமெல்லாம் ஏது?" என்று யாராவது கேட்டால் எனக்கு நெஞ்சு கொதிக்கும். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயைத் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வெளியிட்டது 2004 இல். மூத்தம்மா போய் இருபது வருடம்.

2009 இல் அந்தப் பாதைக்குப் பதிலாகப் பாலம் திறந்தது. 396 மீற்றர், சைக்கிளில் போனாலும் சில நிமிடம். 2021 இல் என் காக்காவுக்கு மலத்தோடு இரத்தம் போகத் தொடங்கியது. வயது 51. மூலம் என்று நினைத்துக் கைமருந்து குடித்தார். மச்சியிடம்கூடச் சொல்லவில்லை. பாலத்தைக் கடக்க அவருக்கு எட்டு மாதம் எடுத்தது.

உணவுக்குழாய்ப் புற்றுநோய் இன்னும் இந்த நாட்டில் முன்வரிசையில்தான் நிற்கிறது. அதோடு பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்களும் 2000க்குப் பிறகு பதிவேட்டில் ஏறிக்கொண்டு வந்திருக்கின்றன. ஆயுள் கூடியது, பரிசோதனை கூடியது, பதிவும் திருந்தியது. ஏற்றத்தில் ஒரு பங்கு அதனால். மற்றப் பங்கை எங்கள் சாப்பாட்டிலும் இருப்பிலும் தேடவேண்டும். வாப்பா வயலுக்கு நடந்தார். இரவில் மீனும் கீரையும் சோறும். காக்கா பகலெல்லாம் கடை மேசையில் இருந்தார். இரவில் மாட்டிறைச்சிக் கொத்து, சோடா. குடலில் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குவது புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடமளவில் எடுக்கும். அதற்குள் கண்டால் வெட்டி எடுத்துவிடலாம். காக்காவுக்கு அந்தப் பத்து வருடமும் இருந்தது.

ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கட்டிலருகே கூப்பிட்டார். "வெக்கப்படாம நீயும் போய்க் காட்டு. கூடப்பிறந்தவங்களும் பார்க்கணுமாம், டொக்டர் சொன்னார்."

போனேன். கமரா விடுவதற்கு முன் டொக்டர் படிவத்தை எடுத்து, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். மூத்தம்மாவைச் சொன்னேன்: சோறு, கஞ்சி, பால், பாக்குரல், எல்லாம். "அது உணவுக்குழாயாக இருக்கலாம், இது வேறு" என்றவர், பேனையை வைக்கவில்லை.

"பெயர் என்ன?" என்று கேட்டு எழுதினார்.