ஆசன சீர்திருத்தவாதி

நாலு பேர் பணம் போட்டு வாங்கிய பந்தயக் காரில் தமக்கு உள்ளது நாலில் ஒரு பங்குதான் என்பதை நன்கு அறிந்திருந்தும், அதன் ஆசனம் மட்டும் தமக்கே பரம்பரைப் பாத்தியதை என்ற திட சித்தத்துடன், இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் சூரியோதயத்துக்கு முன்பே ஸ்பேனரும் கையுமாகப் பிரசன்னமாகிவிடும் நம் நண்பருக்கு, காரை ஓட்டுவதில் உண்மையில் அவ்வளவு சிரத்தை கிடையாது. என்ஜின் இருமினால் அது மெக்கானிக்கின் தலைவிதி. டயர் தேய்ந்தால் அது மற்றப் பங்குதாரர்களின் பிராரப்தம். அவர் இந்தப் பூவுலகில் அவதரித்தது சீட்டைத் திருத்துவதற்காக.

எங்கள் பழைய மாருதி எஸ்டீமில் ஆதியில் இருந்தது அசையாத பக்கெட் சீட். நால்வர் ஓட்டும் வண்டியில் ஒரே அளவு ஆசனம் வைப்பது ஜனநாயக விரோதம் என்று வாதாடி, முன்னும் பின்னும் நகரும் ரெயில்களையும், சாய்வையும் உயரத்தையும் மாற்றுவதற்கு வரிசையாகத் துளையிட்ட பக்கத் தகடுகளையும் சர்வஜன க்ஷேமத்தை முன்னிட்டு அவர் வரவழைத்தார். செலவை மாத்திரம் சர்வ ஜனங்களும் பங்கிட்டுக்கொண்டோம்.

அன்று தொடங்கிய வைபவம் நெடுநாள் ஓயவில்லை. முதலில் அமருவார். தோள் இரண்டும் சாய்மானத்தை விட்டு எழாமல் கையை நீட்டி, மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் படிகிறதா என்று பார்ப்பார்; கிளட்சை அடிவரை மிதித்து, அப்போதும் முழங்காலில் சிறிது மடிப்பு எஞ்சியிருக்கிறதா என்று சோதிப்பார். இதுவரை எல்லாம் சாஸ்திரோக்தம். எந்த ஆசானும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார். ஆனால் ஆறடிக்கு மேற்பட்ட அந்தத் திருமேனி ஹெல்மெட்டைத் தரித்தவுடன் அது பாதுகாப்புக் கூண்டான ரோல் கேஜின் குழாயில் இடிக்கும். இடிக்கவே, சாய்மானத்தை ஒரு துளை பின்னுக்குத் தள்ளுவார். தள்ளவே, மணிக்கட்டு எட்டாமற் போகும். அதற்காகச் சீட்டை முன்னுக்கு நகர்த்த, முழங்கால் ஸ்டீயரிங்கின் அடியில் முட்டும். அதற்குப் பரிகாரமாக மறுபடி பின்னுக்கு நகர்த்தி, இறங்கி, வண்டியை ஒரு பிரதக்ஷிணம் செய்து, மீண்டும் ஏறி, கண்களை மூடிச் சற்று நேரம் தியானித்து, "இப்போதுதான் ஐயா சரியாக இருக்கிறது" என்று பெருமூச்சு விடுவார். அது பெரும்பாலும் ஆரம்பத்தில் இருந்த அதே துளையாக இருக்கும். கச்சேரி நேரம் முழுவதையும் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்துவிடும் வித்வானை நீங்கள் பார்த்திருந்தால் மேற்கொண்டு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. 3.7 கிலோமீட்டர்ச் சுற்றைப் பலமுறை ஓடியிருக்க வேண்டிய அந்த இருபது நிமிஷத்தில், அவர் சீட்டோடு மூன்று சென்டிமீட்டர் பிரயாணம் செய்திருப்பார். தலை இடிப்பதற்குக் காரணமே, சீட்டை ஓரிரண்டு சென்டிமீட்டர் உயர்த்திவிட்ட அவருடைய ரெயில்தான் என்று சொல்லிப் பார்த்தோம். சொன்னவருக்குப் பௌதிகம் தெரியாது என்று தீர்ப்பாயிற்று.

விதிகளில் அவர் கரைகண்டவர். சீட்டின் தாங்கிகளைக் குறைந்தது நான்கு இடங்களில், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும் என்றும், தாங்கித் தகடு எஃகானால் 3 மில்லிமீட்டரும் இலேசான உலோகக் கலவையானால் 5 மில்லிமீட்டரும் கனம் இருக்க வேண்டும் என்றும் சர்வதேச மோட்டார் பந்தய விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ. சொல்லியிருப்பதை, உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ரெயில் வைப்பதானால் அது காருடனோ சீட்டுடனோ வந்ததாகவே இருக்க வேண்டும் என்ற வாசகமும் அங்கேயே இருக்கிறது. அதை நெருங்கும்போது மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். 1923 முதல் நடந்துவரும் லெமான் 24 மணிப் பந்தயத்தில், ஒரே வண்டியை மாறி மாறி ஓட்டும் மூவர் தத்தம் உடம்புக்கு வார்த்த திண்டைக் கையோடு கொண்டுவந்து போட்டுக்கொண்டு, பெட்ரோல் நிரப்பும் நேரத்துக்குள் கிளம்பிவிடுகிறார்களே என்றால், "அவர்களுக்கு அவசரம்" என்பார்.

இவ்வளவையும் சகித்துக்கொள்ளலாம். அவர் இறங்கிய பிறகு நடப்பதைத்தான் சகிக்க முடியவில்லை. தோள் பெல்ட்டுகள் தோளிலிருந்து பின்னோக்கி 45 டிகிரிக்கு மேற்படாமல் சரிந்து இறங்க வேண்டும். சீட்டின் உயரமும் சாய்வும் மாறினால் அந்தக் கோணமும் மாறும். அவருக்காக இறக்கிய சீட்டை, அவருக்காக நீட்டிய பெல்ட்டோடு அப்படியே விட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விடுவார். ஒருநாள் ரெயிலின் ஒரு பக்கப் பூட்டு விழவே இல்லை. எங்களுள் மிகவும் சாதுவான பல் வைத்தியர், நேர்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது, சீட் ஒரு பக்கமாகத் திருகி முன்னுக்கு வந்து அவரை ஸ்டீயரிங்கோடு சேர்த்து அழுத்திற்று. இது வேடிக்கை அல்ல. பூட்டு விழும் சத்தம் இரு பக்கமும் கேட்டதா என்று கவனிக்கச் சில விநாடிகள் போதும். இருபது நிமிஷத்தைச் சீட்டுக்கு அர்ப்பணிப்பவரிடம் அந்தச் சில விநாடிகள் இல்லை.

அதே மனிதர்தான், இடுப்பு வலியால் காரில் உட்காரவே முடியாது என்று ஒதுங்கியிருந்த எங்கள் நான்காவது பங்குதாரருக்காக, உச்சி வெயிலில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, தகட்டை ஒவ்வொரு துளையாக மாற்றி மாற்றி, அவர் வலியின்றி ஐந்து சுற்று ஓடி வந்ததைக் கண்டு குழந்தைபோல் கைதட்டினார் என்பதையும் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம் வந்து சேரும்.

பல் வைத்தியரின் சம்பவத்துக்குப் பிறகு ரெயில்களைக் கழற்றிவிட்டோம். உயரமானவருக்குத் தக்கபடி சீட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, குள்ளமானவர்கள் முதுகுக்கும் அடிக்கும் திண்டு வைத்துக்கொள்வதே யுக்தம் என்று மெக்கானிக்கும் சொல்லிவிட்டார். இப்போது சீட் நான்கு போல்ட்டுகளில் இம்மியும் அசையாமல் நிற்கிறது, அவருடைய அளவில். திண்டுச் செலவு எங்கள் மூவருடையது.