திருவிடந்தைப் பெரணியின் களவு மணம்: ஓர் ஆய்வு

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள், காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராக மணந்தார் என்கிறது தலபுராணம். வரன் தகையாதவர்கள் சாத்திய மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது முறை வலம் வருகிறார்கள். பூவின்றிக் கல்யாணமே இல்லாத இவ்வூரில், ஆயுளுக்கும் பூக்காத பெரணி எப்படிக் குடித்தனம் நடத்துகிறது? இதுவே ஆய்வுப் பொருள்.

முன்னோர் கருத்து: 1735இல் லின்னேயஸ் தாவரங்களை 24 வகுப்பாக்கினார். பூச்செடிகளை மகரந்தத் தாள்களை, அதாவது கணவன்மார்களை, எண்ணி வகுத்தவர், எண்ண எதுவும் காட்டாத பெரணியைக் களவு மணக்காரர் என்னும் கடைசி வகுப்பில் தள்ளினார். தொல்காப்பியர் கேட்டிருந்தால் இதில் இழுக்கென்ன என்றிருப்பார். 1848இல்தான் களவு அலராயிற்று. இலையடித் தூள் மண்ணில் விழுந்து, விரல் நகத்தினும் சிறிய இதய வடிவப் பச்சைத் தகடாகிறது. அதன் அடியில் ஆணணு நீர்ப்படலத்தில் நீந்திப் போய்ப் பெண்ணணுவைச் சேர்கிறது. மேளம் வேண்டாம், தாலி வேண்டாம். ஈரம் மட்டும் வேண்டும்.

கள நிலவரம்: கிழக்குக் கடற்கரைச் சாலை நர்சரியில் வாங்கிய பாஸ்டன் பெரணி, பச்சை வலைக்கடியில், தேங்காய் நார்த்தூளில், தை மாதம் வரை ராஜகுமாரி. அக்கினி நட்சத்திரத்தில் நுனி கருகும். கடல்காற்றும் உப்பேறிய போர்த் தண்ணீரும் அதற்கு ஆகாது. அதே சமயம், செங்கல் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய பழைய கிணற்றின் உட்சுவரில், யாரும் நடாத டெரிஸ் விட்டாட்டா என்னும் பெரணி தழைக்கும். நிழல், கசிவு, சுண்ணாம்பு மூன்றும் அங்கே இலவசம். மண்ணிலுள்ள ஆர்சனிக்கையே உறிஞ்சி இலையில் சேர்த்துக்கொள்ளும் செடி இது என்று 2001இல் கண்டார்கள். விஷத்துக்கே அஞ்சாதவள் மாமியாருக்கா அஞ்சுவாள்?

ஓர் எதிர்வாதம் உண்டு. இலையடியில் வரிசையாகத் தெரியும் பழுப்புப் புள்ளிகள் பூச்சி என்று வேப்பெண்ணெய் அடிக்கும் தோட்டக்காரர்களின் வாதம் அது. அவை தூள்பைகள். இவர்கள் அழிப்பது பூச்சியையல்ல, வம்சத்தை.

ஆய்வாளர் துணிபு: தொட்டிப் பெரணிக்கு மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். கிணற்றைத் தூர்வாரும் வீட்டுக்காரர்களே, சேறு போகட்டும். சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்காதீர்கள்.