நண்பகல் நிழல் தெற்கே விழும் ஊர்

நான் படித்த தொடக்கப்பள்ளியில் நிழலைப் பற்றித் தேர்வில் ஒரே ஒரு கேள்விதான் வரும். பகல் 12 மணிக்கு நிழல் எப்படி இருக்கும்? 'நிழல் இருக்காது' என்று எழுதினால் முழு மதிப்பெண். வகுப்பு வாசலைத் தாண்டினால் செம்மண் திடல். திடல் நிறைய வெயில், ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் நிழல். தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் அப்போது மாடி வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. கரும்பலகையில் ஒரு சூரியன், ஒரு மரம், ஒரு கோடு. அதோடு பாடம் முடிந்தது.

1980 பிப்ரவரி 16 பிற்பகல் சூரிய கிரகணம். கர்நாடகக் கரையிலிருந்து ஒடிசாக் கரை வரை ஒரு பட்டையில் முழு கிரகணம். சென்னையில் சூரியனின் ஒரு பகுதிதான் மறைந்தது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி எங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் அந்த நேரத்தில் வேப்பமரத்தடியில் இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் பிறை வடிவில் இருந்திருக்கும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தால் போதும், கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை எங்களுக்குச் சொல்ல அன்று ஆள் இல்லை.

வானம் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் இருந்தார், பாட்டி. தன் நிழலைத் தன் காலடியாலேயே அளந்து நேரம் சொல்வார். மொட்டை மாடியில் படுத்தபடி அறுமீன் என்ற கார்த்திகையையும் சப்தரிஷியையும் காட்டுவார். வடக்கே தாழ்வாக, அடிவானத்துக்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம். எந்த ஊரில் நின்று பார்க்கிறோமோ அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். தாம்பரத்துக்குப் பதின்மூன்று பாகை. பாட்டிக்கு அட்சரேகை தெரியாது. நட்சத்திரம் நிற்கும் இடம் தெரியும். பள்ளிக்கூடமும் அவரும் சந்தித்துக்கொள்ளவே இல்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்.

இப்போது நான் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் பிள்ளைகளுக்குச் சூரியன் சாக்பீஸில்தான் தொடங்குகிறது. காலை பத்து மணிக்கு ஜோடி ஜோடியாக நிற்பார்கள். ஒருவர் அசையாமல் நிற்க, மற்றவர் அவருடைய பாதத்தைச் சுற்றியும் நிழலைச் சுற்றியும் கோடு போடுவார். மதியம் அதே பாதத் தடத்தில் போய் நிற்க வேண்டும். நிழல் பழைய கோட்டுக்குள் அடங்காது. "யாரோ அழிச்சிட்டு மாத்தி வரைஞ்சிட்டாங்க மிஸ்" என்பார்கள். மூன்று மணிக்கு இன்னொரு முறை நின்று பார்த்த பிறகுதான் நிழல் நகர்கிறது என்று ஒத்துக்கொள்கிறார்கள். நான் அவசரப்பட்டு விடையைச் சொல்வதில்லை. ஐந்து வயதில் ஒரு குழந்தை தன் நிழலைத் தானே சந்தேகப்பட்டு, தானே தெளிந்துகொள்வது பெரிய விஷயம்.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மீட்டர் குச்சி. திடலில் நேராக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அளக்க வேண்டும். அந்த நேரம் கடிகாரத்தின் 12 மணி அல்ல. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். அதனால் ஏப்ரலில் பன்னிரண்டைத் தாண்டி ஏழெட்டு நிமிடம் கழித்துத்தான் இங்கே உச்சிப்பொழுது. ஆகஸ்ட் நடுவில் பன்னிரண்டேகாலை ஒட்டி. டிசம்பர் கடைசியில் அந்தக் குச்சியின் உச்சிப்பொழுது நிழல் சுமார் 73 சென்டிமீட்டர், வடக்கே விழும். பொங்கல் தாண்டியதும் குறைந்துகொண்டே வந்து, ஏப்ரல் 24 வாக்கில் காணாமல் போகும். பிறகு தெற்கே முளைக்கும்! ஜூன் 21 அன்று 18 சென்டிமீட்டர், தெற்குப் பக்கம். ஆகஸ்ட் 18 வாக்கில் மறுபடி காணாமல் போகும்.

கன்னியாகுமரிக்கு நிழல் இல்லாத இந்த நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடுகிறது. டெல்லிக்கு வருவதே இல்லை. கடகரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களில் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. அங்கே உச்சிப்பொழுது நிழல் எப்போதும் வடக்கேதான். எங்கள் 'நிழல் இருக்காது' என்ற விடை தாம்பரத்தில் ஆண்டுக்கு இரண்டே நாள்தான் சரி, அதுவும் 12 மணிக்கு இல்லை. முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

ஏப்ரல் 24 தேர்விலும் விடுமுறையிலும் போய்விடும். ஆகஸ்ட் 18தான் எங்களுக்கு வாய்த்த நாள். அன்று உச்சிப்பொழுது சத்துணவு நேரத்தை ஒட்டியே வருகிறது. தட்டோடு டம்ளரையும் எடுத்துக்கொண்டு திடலுக்கு வருவார்கள். டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அகன்ற வாய் மேலே இருந்தால் அடியைச் சுற்றி நிழல் விழுந்துவிடும். மேகம் வழிவிட்டால், வரிசையாக டம்ளர்கள், ஒன்றுக்கும் நிழல் இல்லை. "என் நிழல் எங்க மிஸ்?" என்று குதிப்பார்கள். குதிக்கும்போது காலுக்கு நேர்கீழே அது தெரியும்.

வானத்தைப் பார்த்து அளப்பது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. 1802 ஏப்ரலில் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியப் பெரும் முக்கோண நில அளவையின் முதல் அடிக்கோட்டைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிப் பெரும்பாக்கம் குன்று வரை, ஏறக்குறைய 12 கிலோமீட்டர், அளந்தார். அட்சரேகை கணிக்க நட்சத்திரங்களை நோக்கினார். பூமியின் அளவைத் தேடிய வேலை நம் புறநகரில் தொடங்கியிருக்கிறது. இதை ஐந்தாம் வகுப்பிலாவது சொல்லித்தர வேண்டும் என்று எச்.எம். அறையில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறேன்.

சொல்லித்தர இன்று ஆள் உண்டு. கிரகணக் கண்ணாடி உண்டு, 1987இலிருந்து சிறுவர் அறிவியல் இதழ் 'துளிர்' வருகிறது, கோட்டூர்புரத்தில் கோளரங்கம் இருக்கிறது. போனைத் தூக்கிப் பிடித்தால் நட்சத்திரத்தின் பெயரையே சொல்லிவிடுகிறது. குறைந்துபோனது வானம்தான். ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சத்துக்குத் தப்பி, எங்கள் தெரு மாடியில் வெள்ளியும் வியாழனும் வேடனின் மூன்று நட்சத்திரமும் தெரிகின்றன. துருவ நட்சத்திரம் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை விட்டபின் மின்சாரம் இல்லாத ஒரு முன்னிரவில் தெருப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துப்போனேன். உச்சியை ஒட்டி வியாழன், கிழக்கே கார்த்திகை. ஆறு என்றான் ஒருவன், ஏழு என்றாள் அவன் அக்கா. கரண்ட் வந்ததும் சண்டை பாதியில் நின்றது.

வெயிலுக்கும் இப்போது அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. பிள்ளை கறுத்துவிடும், மயங்கிவிடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஏப்ரல் வெயிலை நினைத்தால் அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். பத்து நிமிடம், தலையில் தொப்பி, கையில் தண்ணீர் பாட்டில் என்று பேசி வாங்குகிறேன்.

திடலுக்குத் தெற்கே ஒரு அபார்ட்மென்ட் எழும்பிவிட்டது, உயரம் பதினெட்டு மீட்டர் இருக்கும். டிசம்பரில் அதன் உச்சிப்பொழுது நிழல் பதின்மூன்று மீட்டர் வரை உள்ளே வந்து எங்கள் குச்சியையே மூடிவிடுகிறது. அதனால் அந்த மாதம் முதல் அபார்ட்மென்ட்தான் எங்கள் குச்சி. நிழல் முடியும் இடத்தில் திங்கட்கிழமைதோறும் ஒரு கோடு. பிப்ரவரியில் கோடு மதிலை நோக்கி வேகமாகப் பின்வாங்கியபோது இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "மிஸ், அப்போ ஜூன்ல அந்தப் பக்கத்துத் தெருவுக்கு நிழல் போயிடுமா?" போகும், மூன்று மீட்டர் சொச்சம். அவளிடம் அந்த எண்ணைச் சொல்லவில்லை. ஜூனில் பள்ளி திறந்ததும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவதாக ஏற்பாடு.